பிள்ளையோடு தனியாகச் சென்னைக்குக் குடிபெயர்பவருக்கு: கணக்கை மாலை மூன்றரையிலிருந்து தொடங்குங்கள்

சென்னைக்கு வேலை கிடைத்ததும் எல்லோரும் முதலில் கேட்பது வாடகை. கணவனும் மனைவியுமாக வருகிற வீட்டுக்கு அந்தக் கேள்வியில் தொடங்கினால் போதும். ஒருவர் கிண்டி பாலத்தில் மாட்டிக்கொண்டால் மற்றவர் பிள்ளையை அழைத்துவந்துவிடுவார். துணையை இழந்தோ பிரிந்தோ, அல்லது தொடக்கத்திலிருந்தே தனி ஆளாகவோ பிள்ளையை வளர்ப்பவருக்கு முதல் கேள்வி வேறு. பள்ளி மூன்றரைக்கோ நாலு மணிக்கோ விட்டுவிடும். நீங்கள் வீடு சேர ஏழு ஆகும். நடுவில் பிள்ளை எங்கே இருக்கும், யார் பார்த்துக்கொள்வார்? இதற்குப் பதில் தெரிந்த பிறகு வீட்டைத் தேடுங்கள். வாடகைப் பேரம் அதற்கும் பிறகு.

மதுரை, திருநெல்வேலி, சேலம் பக்கமிருந்து வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். பெரும்பகுதி தாய்மாருக்கானது. தனியாக வளர்க்கும் தந்தையருக்கு எங்கே வேறுபடுகிறதோ அங்கே தனியாகச் சொல்கிறோம்.

எந்தப் பகுதி

பிள்ளையின் பள்ளியும் மாலையில் இருக்கப்போகும் டேகேரும் உங்கள் வீடும் நடந்து போகிற தூரத்துக்குள் இருக்கட்டும். அலுவலகம் தொலைவாக இருந்தால் பரவாயில்லை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு, பெயர்பெற்ற பள்ளி என்று எங்கோ ஒன்று, நடுவே வேன். வேன் ஓட்டுநர் ஒருநாள் வராவிட்டால் அன்று உங்கள் வேலை போச்சு.

அலுவலகம் போக ரயில் கிடைக்கிற பகுதியாகப் பாருங்கள். சாலை நெரிசலில் நாற்பது நிமிடம் எந்த நாளும் எண்பது ஆகலாம், மின்சார ரயிலில் அப்படி ஆவது குறைவு. கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு தடத்தில் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், கூடுவாஞ்சேரி. சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் தடத்தில் பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி. பறக்கும் ரயிலில் திருவான்மியூர், தரமணி, பெருங்குடி, வேளச்சேரி. தடத்தில் வெளியே போகப் போக வாடகை இறங்கும். ரயில் மாதச் சீட்டு மிக மலிவு. கிண்டி, தரமணி வேலை என்றால் தாம்பரம் தடமோ வேளச்சேரியோ கைகொடுக்கும். சோழிங்கநல்லூர், சிறுசேரி என்றால் ரயில் இல்லை. அவை இருக்கும் ஓஎம்ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், மெட்ரோ வேலை வேறு நடக்கிறது. அங்கே வேலை செய்பவர் அந்தச் சாலையை ஒட்டியே வீடு பார்ப்பது நல்லது, இல்லாவிட்டால் அலுவலக வண்டி வருகிற இடமாகப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து ஏரியாவைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். செவ்வாயோ புதனோ, மாலை ஆறு மணிக்கு அலுவலக வாசலிலிருந்து கிளம்பி டேகேர் வாசல்வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்த நேரத்தோடு இன்னும் அரை மணி சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குள் டேகேர் மூடிவிடும் என்றால் அந்த ஏரியா உங்களுக்கு ஆகாது, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

மழையையும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. அந்தப் பகுதிகளிலும் எல்லாத் தெருவும் ஒன்றல்ல. புரோக்கர் "இங்கெல்லாம் தண்ணி வராது சார்" என்றுதான் சொல்வார். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரையும் மளிகைக் கடைக்காரரையும் கேளுங்கள், எதுவரை வந்தது என்று கையைக் காட்டுவார்கள். எந்தப் பகுதியானாலும் தரைத்தளம் வேண்டாம். பிள்ளையையும் பீரோவையும் ஒரே ஆளாக மாடிக்குத் தூக்க முடியாது.

கையில் எவ்வளவு வேண்டும்

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். மாத வாடகை 12,000, ஐந்து மாத அட்வான்ஸ் என்று வைத்துக்கொண்டால் 60,000. முதல் மாத வாடகை 12,000. புரோக்கர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகை அவருக்கு, இன்னொரு 12,000. ஆக, சாவி கைக்கு வருவதற்கே 84,000. சாமான் ஏற்றிவர வண்டியும் ஆள் கூலியும் 18,000 என்று வையுங்கள். தனியார் பள்ளி என்றால் முதல் தவணை, புத்தகம், சீருடை எல்லாமாக 25,000. டேகேருக்குச் சேர்க்கைக் கட்டணமும் முதல் மாதமும் 12,000. மின்விசிறி, திரைச்சீலை, தண்ணீர் கேன், பூட்டு என்று சில்லறைச் செலவு 8,000. இதற்கெல்லாம் மேல் இரண்டு மாதச் செலவு தொடாமல் இருக்க வேண்டும். வாடகை, டேகேர், சாப்பாடு, பயணம் சேர்த்து மாதம் 32,000 என்றால் 64,000. மொத்தம் 2,11,000.

உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம், வரிகள் இவைதான். விட்டுப்போவது பெரும்பாலும் அந்தக் கடைசி வரி. முதல் சம்பளம் வர நாற்பது நாள்கூட ஆகும். அதற்குள் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் சம்பளப் பிடித்தம். கடன் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வாடகையும் டேகேரும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் ஒரு ஸ்டேஷன் தள்ளிப் பாருங்கள்.

தொகையைக் குறைக்க ஒரு வழி அரசுப் பள்ளி, அதைப் பின்னால் சொல்கிறோம். இன்னொன்று, முதல் ஓரிரு மாதம் வாடகை வீடு எடுக்காமல் விடுதியில் இருப்பது. தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு ஆகிய இடங்களில் அரசின் 'தோழி' மகளிர் விடுதிகள் இருக்கின்றன. மத்திய அரசுத் திட்டமான 'சகி நிவாஸ்' விடுதிகளின் விதிப்படி பணிபுரியும் தாயோடு பிள்ளையும் தங்கலாம். எந்த விடுதியானாலும் பையன் என்றால் எத்தனை வயதுவரை, பகலில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

காகித வேலைகளைச் சொந்த ஊரிலேயே முடித்துவிடுங்கள். விதவைச் சான்றிதழ், கணவரால் கைவிடப்பட்டவர் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பவை. ஆனால் விசாரணை என்று ஒன்று இருக்கிறது. ஊரில் கிராம நிர்வாக அலுவலருக்கு உங்கள் குடும்பமே தெரியும். சென்னையில் எதிர்வீட்டுக்காரருக்கே உங்கள் பெயர் தெரியாது, "இவரைத் தெரியுமா" என்று கேட்டால் கதவைச் சாத்திவிடுவார். ஊரில் சில நாளில் வருகிற சான்று இங்கே வாரக்கணக்கில் இழுக்கும்.

விவாகரத்து ஆகியிருந்தால் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல் மூன்று வாங்குங்கள். ஜெராக்ஸை எல்லோரும் ஏற்பதில்லை. பிள்ளையைப் பார்க்கும் உரிமை மற்றவருக்கு உண்டு என்று நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தாலும், பராமரிப்பு வழக்கு நிலுவையில் இருந்தாலும், ஊர் மாறுவதற்கு முன் அதே நீதிமன்றத்தில் மனு போட்டு அனுமதி வாங்குங்கள். சொல்லாமல் வந்துவிட்டால் "பிள்ளையைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்" என்று எதிர்த்தரப்பு எழுதும், அதற்குப் பதில் சொல்லவே ஒரு வருடம் போகும். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இன்னும் வழக்கே போடவில்லை என்றால் மனைவி தான் குடியிருக்கும் ஊரிலேயே விவாகரத்து மனுவும் ஜீவனாம்ச மனுவும் போடப் பெரும்பாலும் இடமுண்டு. சென்னைக்கு வந்தபின் சென்னையிலேயே போடலாம், வாய்தாவுக்கு ஒவ்வொரு முறையும் ஊருக்கு ஓட வேண்டாம்.

ரேஷன் அட்டை அடுத்த தலைவலி. உங்கள் பெயரும் பிள்ளை பெயரும் மாமியார் வீட்டு அட்டையில் இருந்தால் அதிலிருந்து நீக்கினால்தான் தனி அட்டை கிடைக்கும். நீக்க விண்ணப்பிக்கும்போது குடும்பத் தலைவர் எண்ணுக்கு ஓடிபி போகும், உறவு கெட்டிருந்தால் அதைச் சொல்லமாட்டார்கள். அப்போது வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்து மூலம் மனு கொடுங்கள். கைவிடப்பட்டவர் சான்றோ தீர்ப்பாணையோ இருந்தால் இணையுங்கள். ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. தனி அட்டை இல்லாவிட்டால் பின்னால் பல கதவுகள் திறக்காது. 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை ஒரு ரேஷன் அட்டைக்கு ஒருவருக்குத்தான், அது மாமியாருக்குப் போய்க்கொண்டிருந்தால் உங்களுக்கு வராது.

பள்ளியில் டிசி வாங்கும் நாளில் இன்னொன்றையும் கேளுங்கள்: பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி விடுவிக்க வேண்டும். டிசி கையில் இருக்கும், எமிஸில் பிள்ளை இன்னும் பழைய பள்ளியிலேயே இருக்கும். புதிய பள்ளி சேர்க்க முடியாமல் திணறும், பாடநூலும் பஸ் பாஸும் தள்ளிப்போகும். எமிஸ் எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையின் தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஐந்து வயது தாண்டியிருந்தால் கைரேகை புதுப்பித்த ஆதார் ஆகியவையும் அதே கோப்பில் இருக்கட்டும்.

வீடு பிடிப்பது

"ஃபேமிலிக்கு மட்டும்" என்று எழுதியிருக்கும். நீங்களும் பிள்ளையும் ஃபேமிலிதான், ஆனால் வீட்டு உரிமையாளர் மனதில் வேறு படம் ஓடும். "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்ற கேள்வி வந்தே தீரும். வெளிநாட்டில் இருக்கிறார் என்று சமாளிக்கச் சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். வேண்டாம். ஒப்பந்தத்தில், ரேஷன் அட்டையில், பள்ளிப் படிவத்தில் என்று எங்காவது உண்மை வெளியே வரும், அன்றைக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்வார். நேரில் போவதற்கு முன்பே, தொலைபேசியிலேயே, சுருக்கமாகச் சொல்லுங்கள்: "நானும் பையனும்தாங்க. வேலை கிண்டியில. அம்மா அப்பப்ப ஊர்லேர்ந்து வந்து இருப்பாங்க." இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. முகம் சுளிக்கிறவர் அங்கேயே வேண்டாம் என்பார். ஆட்டோ செலவு மிச்சம். போகும்போது சம்பளச் சீட்டையும் பணி நியமனக் கடிதத்தையும் எடுத்துப்போங்கள். வாடகை முதல் தேதி வந்துவிடும் என்ற நம்பிக்கை வந்தால் மற்றக் கேள்விகள் பாதி அடங்கிவிடும். முடிந்தால் அம்மாவோ அண்ணனோ கூட வரட்டும். இப்படிச் சொல்ல நமக்கும் கசப்புதான், ஆனால் கதவு திறக்கிறது.

தனித் தந்தைக்கு இங்கே கஷ்டம் கூடுதல். பேச்சிலர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வீடு பார்க்கப் போங்கள். ஊரிலிருந்து பெரியவர் யாராவது முதல் சில வாரம் வந்து தங்குவார் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

உரிமையாளர் கீழேயோ மேலேயோ குடியிருக்கும் வீடா, இல்லை ஃபிளாட்டா? தனி ஆளுக்கு முதல் வருடம் உரிமையாளர் கூடவே இருக்கும் வீட்டில் ஒரு நன்மை உண்டு: பிள்ளை சாவியைத் தொலைத்தால் கேட்க ஆள் இருக்கும். கெடுதல், யார் வந்தார் யார் போனார் என்ற கண். எது தாங்கும் என்பது உங்கள் மனசு. விருந்தாளி, சைவம் அசைவம், இரவு வாசற்கதவு பூட்டும் நேரம் மூன்றையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். ஷிப்ட் வேலை என்றால் வாசற்கதவுச் சாவி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

தண்ணீரைப் பொறுத்தவரை மூன்று கேள்விகள். மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) வருகிறதா, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பா, மே மாதத்தில் லாரி வாங்குகிறார்களா, வாங்கினால் காசை யார் தருகிறார்? 2019 கோடையில் நகரமே குடத்தோடு நின்றது. அந்த வருடம் இந்த வீட்டில் என்ன செய்தார்கள் என்று கேட்டால் உண்மை வரும்.

மின்சாரத்தில் ஏமாறுவது எளிது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலையாக எட்டு, ஒன்பது ரூபாய் வாங்கும் வீட்டில் அந்த இலவசம் உங்களுக்கு இல்லை, ஒட்டுமொத்தப் பயன்பாடு கூடக் கூட விலை அடுக்கும் ஏறும். உங்கள் வீட்டுக்கென்று தனி இபி மீட்டர் உள்ள வீடாகப் பாருங்கள். குடிபுகும் அன்று மீட்டர் எண்ணைப் போட்டோ எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். சுவரில் ஏற்கெனவே உள்ள ஆணி ஓட்டை, ஒழுகும் குழாய், விரிசல் விட்ட கண்ணாடி எல்லாவற்றுக்கும் அதே வேலை. காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயின்ட் செலவு என்று பிடிப்பார்கள், எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

ஒப்பந்தம்

2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது, ஆனால் 'வேறு ஒப்பந்தம் இல்லாதபோது' என்ற வாசகத்தோடு. ஐந்து மாதம், பத்து மாதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுவே ஒப்பந்தம். ஆகையால் பேரத்தைக் கையெழுத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தி வீட்டைக் காலி செய்ய வைப்பதைச் சட்டம் தடுக்கிறது. சொல்லாமல் உள்ளே வருவதும் கூடாது, 24 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும். இந்த இரண்டு வரியும் ஒப்பந்தத்திலும் இருக்கட்டும். தனியாக இருக்கும் பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக, உரிமையாளர் பெயருக்கு. வாடகைக்கு விடுபவர்தான் உரிமையாளரா என்பதற்கு இபி பில்லில் உள்ள பெயரையும் சொத்துவரி ரசீதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி

தமிழ்நாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஜூனில் ஆண்டு தொடங்குகிறது, சிபிஎஸ்இக்கு ஏப்ரலில். தனியார் பள்ளிகளில் எல்கேஜி, ஒன்றாம் வகுப்பு இடங்கள் அதற்குப் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். வீடு மாற ஏற்ற காலம் ஏப்ரல் கடைசி, மே. நடு ஆண்டில் வர நேர்ந்தால் காலாண்டு விடுமுறையோ அரையாண்டு விடுமுறையோ பாருங்கள்.

அரசுப் பள்ளியைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், மதியம் முட்டையோடு சத்துணவு, பாடநூல், சீருடை, பஸ் பாஸ். காலை உணவு பள்ளி தொடங்கும் முன்பே தருகிறார்கள் என்பதால் பிள்ளை சீக்கிரமே போய்விடலாம், உங்கள் காலைப்பொழுதில் அரை மணி மிச்சம். தனி ஆளுக்கு அந்த அரை மணியில் ஒரு ரயில் பிடிக்கலாம். ஆங்கில வழிப் பிரிவும் பல பள்ளிகளில் உண்டு. பள்ளிக்குப் பள்ளி தரம் மாறும். தலைமையாசிரியரை நேரில் பார்த்து, ஒரு வகுப்பறையையும் கழிப்பறையையும் எட்டிப்பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எட்டாம் வகுப்புவரை, டிசி வரத் தாமதம் என்பதைக் காரணமாகச் சொல்லி அரசு, அரசு உதவிபெறும் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. கட்டண பாக்கிக்காக டிசியை நிறுத்திவைத்திருந்தால் அதற்கும் மருந்துண்டு. சேர்க்கைக்கு டிசி கேட்டுப் பள்ளிகள் வற்புறுத்தக் கூடாது, பாக்கி விவரத்தை டிசியில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் உத்தரவிட்டிருக்கிறது.

தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீட்டுக்கு, வருமான அடிப்படையில் விண்ணப்பித்தால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். எல்கேஜி அல்லது ஒன்றாம் வகுப்பில் மட்டும்தான். விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல், மேயில் இணையத்தில். 2025இல் அது அக்டோபர்வரை தள்ளிப்போனது. விண்ணப்பிக்கும் நாளில் சென்னை முகவரிச் சான்று கையில் இல்லாமல் போவதுதான் வெளியூர்க்காரர் வழக்கமாக மாட்டும் இடம். முகவரி மாற்றத்தை மார்ச்சிலேயே முடிக்க வேண்டும் என்றால் வீட்டையும் அதற்கு முன்பே எடுக்க வேண்டும். இரண்டு மாத வாடகை வீணாகுமே என்று தோன்றும். பள்ளிக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதில் சேராதவர்கள், கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். அதற்கு மேல் வேன், புத்தகம், 'ஆக்டிவிட்டி' என்று வருவதைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் தந்தை கட்டத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம். சேர்க்கும் அன்றே ஒரு கடிதம் கொடுங்கள்: பிள்ளையை அழைத்துப்போக அனுமதி உள்ளவர்கள் இன்னின்னார், போட்டோவோடு, வேறு யார் வந்தாலும் அனுப்பக் கூடாது. நீதிமன்ற உத்தரவு இருந்தால் நகலும் சேர்த்து. வகுப்பாசிரியர், வாசல் காவலாளி, டேகேர் மூவரிடமும் அந்தப் பட்டியல் இருக்க வேண்டும். அலுவலகத்தில் மட்டும் கொடுத்தால் அது பீரோவுக்குள் போய்விடும்.

டேகேர்

முதலில் உங்கள் நிறுவனத்தைக் கேளுங்கள். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்பது மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தம் கொண்டுவந்த விதி, இப்போது அது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இருக்கிறது. சில நிறுவனங்கள் காப்பகத்துக்குப் பதில் பணம் தரும். வேலையில் சேரும் முன், சம்பளம் பேசும்போதே கேட்டால் பதில் நன்றாக வரும், சேர்ந்தபின் கேட்டால் மெயில்தான் வரும்.

வெளியே பார்ப்பதானால் சொல்லாமல் கொள்ளாமல் மாலை ஐந்தரைக்குப் போங்கள். காலையில் எல்லா டேகேரும் அழகாகத்தான் இருக்கும். மாலையில் எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆயா, டிவி ஓடிக்கொண்டிருக்கிறதா, வாசற்கதவு தாழ் பிள்ளைக்கு எட்டுமா, கழிப்பறைக்கு யார் அழைத்துப்போகிறார், மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தாமதமானால் மணிக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு மேல் அறவே வைத்துக்கொள்ளமாட்டார்கள், பள்ளி விடுமுறை நாளில் முழுநாள் உண்டா, காய்ச்சல் என்றால் என்ன வழக்கம் ஆகிய நான்குக்கும் பதில் எழுத்தில் வேண்டும். பள்ளியிலிருந்து டேகேருக்கு யார் அழைத்துவருவார் என்பதுதான் பலர் கேட்க மறக்கும் கேள்வி. நடந்து போகிற தூரம் என்று முதலில் சொன்னது இதற்காகவும்தான்.

டேகேருக்குக் கட்டுப்படியாகாவிட்டால் பக்கத்திலேயே டியூஷன் எடுக்கும் அக்காவோ, ஓய்வுபெற்ற தம்பதியோ கிடைப்பார்கள். மாதத் தொகையைப் பேசி முதல் தேதியே கொடுத்துவிடுங்கள். உதவி என்று ஆரம்பிப்பது நீடிப்பதில்லை.

முதல் மாதம்

பதிந்த வாடகை ஒப்பந்தத்தை வைத்து உங்கள் ஆதாரில் முகவரி மாற்றுங்கள், பிறகு பிள்ளையுடையது, அதன்பின் ரேஷன் அட்டை, வங்கி. இந்த வரிசை மாறினால் ஒவ்வொரு இடத்திலும் திருப்பி அனுப்புவார்கள். அட்டை மாறும்வரை ஊர் அட்டையைக் காட்டி, கைரேகை வைத்து இங்குள்ள கடையிலும் பொருள் வாங்கலாம். ரேஷன் புகார்களுக்குச் சென்னையில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மண்டல அலுவலகங்களில் குறைதீர் முகாம் நடக்கும், அங்கே போனால் வேலை ஆகிறது.

புது எரிவாயு இணைப்பு வரும்வரை ஐந்து கிலோ சிலிண்டர் அடையாள அட்டையைக் காட்டினாலே கிடைக்கும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பயணம் இலவசம். சொகுசுப் பேருந்திலும் ஏசியிலும் இல்லை. அவசரத்தில் ஏறும்போது பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

உதவித்தொகையில் பலருக்குத் தெரியாமல் இருப்பது மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் ஆதரவுத் தொகை: தாய் விதவையோ, விவாகரத்தானவரோ, கைவிடப்பட்டவரோ என்றால் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். நகரத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும், உடனே வராது, இருந்தாலும் போட்டு வையுங்கள். ஆயுள் காப்பீடு இருந்தால் நாமினியாகப் பிள்ளை பெயரோடு அப்பாயின்டி (பிள்ளை சார்பில் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பெரியவர்) பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். மைனர் கையில் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது.

ஒரே ஆள் படுத்துவிட்டால்

அக்டோபர் முதல் டிசம்பர்வரை இந்த ஊரில் மழை விடுமுறையைப் பல நாள் காலை ஆறு, ஏழு மணிக்குத்தான் அறிவிப்பார்கள். விடுமுறை பள்ளிக்கு மட்டும். அலுவலகம் உண்டு, டேகேரும் பெரும்பாலும் மூடியிருக்கும். அந்த நாட்களுக்கென்று ஆண்டு விடுப்பில் ஐந்து நாளைத் தொடாமல் வையுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்பதானால் செப்டம்பரிலேயே மேலாளரிடம் சொல்லி வையுங்கள்.

கூப்பிட்டால் அரை மணியில் வரக்கூடிய இரண்டு பேர் வேண்டும். உறவாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் வகுப்புத் தோழன் வீடு ஒன்று, அதே தெருவில் ஒன்று. அவர்கள் பிள்ளையை நீங்கள் சனிக்கிழமைகளில் பார்த்துக்கொண்டால் கேட்கும்போது கூச்சம் இருக்காது. அவர்கள் எண்களும் பள்ளிப் பட்டியலில் இருக்கட்டும், உங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவர்களில் ஒருவரிடம் இருக்கட்டும்.

பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எது என்று முதல் வாரமே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், புதன்கிழமை தடுப்பூசி அங்கே இலவசம். பெரிய கோளாறு என்றால் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, எந்த நேரமும். பிள்ளைக்கு ஆறு வயதானால் உங்கள் எண்ணை மனப்பாடமாகச் சொல்லத் தெரிய வேண்டும். 108, குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 மூன்றையும் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். உங்களுக்கு மயக்கம் வந்தால் தொலைபேசியை எடுக்கப்போவது பிள்ளைதான், அதனால் போனின் பூட்டைத் திறக்கவும் சொல்லிக்கொடுத்து வையுங்கள்.